எதுக்களிப்பைப் பதியும் கருவி தடுமாறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நெஞ்சுக்கரிப்பும் புளித்த ஏப்பமும் மாத்திரைக்கு அடங்காமல் நீடித்து, எண்டோஸ்கோபியில் பார்த்தும் உணவுக்குழாயில் புண் எதுவும் தென்படாதபோது, மருத்துவர் அடுத்து எழுதித் தருவது பெரும்பாலும் 24 மணி நேர பிஎச் சோதனையாக இருக்கும். இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறும் எதுக்களிப்பைக் கருவி மாட்டிப் பதிவது அது. பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் மிகுதி. அந்தக் கருவியை நோயாளிக்கு மாட்டி அனுப்புவதும், மறுநாள் கழற்றிப் பதிவைக் கணினியில் இறக்கிப் பார்ப்பதும் என் அன்றாட வேலை. வீட்டுக்குப் போனவர்களிடமிருந்து இரவில் வரும் தொலைபேசி அழைப்புகள் திரும்பத் திரும்ப அதே சில கேள்விகளாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விகளின் வரிசையிலேயே இந்தக் குறிப்பும் செல்கிறது. வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை எவை, சோதனைக் கூடத்தில் மட்டுமே செய்ய வேண்டியவை எவை என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

கருவியே கெட்டுப்போய் வீணான பதிவுகளைவிட, குழாய் நகர்ந்ததாலும் பொத்தானை அழுத்தாததாலும் மாத்திரையை நிறுத்தாததாலும் வீணான பதிவுகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே திரையில் எது விபரீதமாகத் தெரிந்தாலும், கருவியைச் சந்தேகிப்பதற்கு முன் உணர்முனை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பதே என் வழக்கம்.

கருவியும் அதன் இயல்பான பதிவும்

புழக்கத்தில் இருப்பவை இரண்டு வகை. முதலாவது மூக்கு வழியாக இறக்கப்படும், ஏறத்தாழ 2 மி.மீ. பருமனுள்ள மெல்லிய குழாய். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத்தசையின் மேல்விளிம்பிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் அதன் பிஎச் உணர்முனை நிற்கும்படி வைத்து, மூக்கிலும் கன்னத்திலும் பிளாஸ்திரி ஒட்டி, காதின் பின்புறமாகக் கொண்டுவந்து இடுப்பில் தொங்கும் ரெக்கார்டருடன் இணைப்போம். இரண்டாவது கம்பியில்லாத கேப்ஸ்யூல்; பிராவோ என்ற பெயரில் பலரும் அறிந்தது இந்த வகை. ஏறத்தாழ 25 மி.மீ. நீளமுள்ள அதை எண்டோஸ்கோபி செய்து, உணவுக்குழாயின் உட்படலமும் இரைப்பையின் உட்படலமும் சந்திக்கும் கோட்டிலிருந்து 6 செ.மீ. மேலே சுவரில் பொருத்திவிட்டால், அது 48 அல்லது 96 மணி நேரம் அளவுகளை ரேடியோ அலையாக ரெக்கார்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். குழாய் வகையில் சிலவற்றில் பிஎச் முனையோடு மின்மறுப்பை, அதாவது மின்னோட்டத்துக்கு உள்ள தடையை, அளக்கும் உலோக வளையங்களும் உண்டு. அமிலம் இல்லாத எதுக்களிப்பையும் வாயுவையும் அவைதாம் காட்டிக்கொடுக்கும்.

பிழையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பிழையில்லாத கோடு எப்படி இருக்கும் என்பது முதலில் கண்ணில் பதிய வேண்டும். உணவுக்குழாயின் பிஎச் சாதாரண நேரத்தில் 5-க்கும் 7-க்கும் இடையில் உலவும். இரைப்பையின் அமிலம் மேலேறும்போது கோடு சில வினாடிகளில் செங்குத்தாக 4-க்குக் கீழே விழும். பிறகு விழுங்கும் ஒவ்வொரு மிடறு உமிழ்நீருக்கும் ஒவ்வொரு படியாக, மாடிப்படி போல மேலே வரும். தூக்கத்தில் உமிழ்நீரும் குறையும், விழுங்குவதும் குறையும் என்பதால், நள்ளிரவில் விழுந்த கோடு எழுந்து வர நெடுநேரம் ஆகலாம், அது பழுதன்று. திடீரென்று விழுந்து படிப்படியாக எழுவது என்ற இந்த வடிவத்துக்குப் பொருந்தாத எதைக் கண்டாலும் கீழே உள்ள பகுதிகளில் தேடவும்.

திரையில் எண்ணே இல்லை, அல்லது கருவி விட்டுவிட்டு ஒலிக்கிறது

கேப்ஸ்யூல் மாட்டியவர்களிடம் இதற்குக் காரணம் பெரும்பாலும் தூரந்தான். ரெக்கார்டர் உடம்பிலிருந்து 3 அடிக்குள், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்குள் இருக்க வேண்டும். குளிக்கப் போகும்போது அதை வரவேற்பறையில் விட்டுப் போவதும், இரவில் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவதும் வழக்கமாக நடப்பவை. ரெக்கார்டரை நனைக்கக் கூடாது. குளியலறைக்குள் ஈரம் படாத உயரமான இடத்தில், எட்டும் தொலைவில் வைத்துக்கொள்ளலாம். தொடர்பு திரும்பக் கிடைத்ததும் ஒலி தானாக நின்றுவிடும். அப்படி இடையில் விடுபட்ட சில நிமிடங்கள் முடிவைக் கெடுப்பதில்லை. ஆனால் இரவு முழுவதும் விடுபட்டால் படுத்த நிலையில் என்ன நடந்தது என்பதே தெரியாமல் போய்விடும். பக்கத்தில் கொண்டுவந்து வைத்தும் கால் மணி நேரத்துக்கு மேல் எண் வரவில்லையென்றால் நேரத்தைக் குறித்துக்கொண்டு கூடத்துக்குச் சொல்லிவிடவும்.

குழாய் வகையில் எண் மறைந்தால், ரெக்கார்டரில் செருகியிருக்கும் இணைப்பு முழுமையாக உள்ளே இருக்கிறதா என்று பார்க்கவும். சட்டை மாற்றும்போது கம்பி இழுபட்டு, இணைப்பு பாதி கழன்றிருப்பது உண்டு. பேட்டரி தீர்ந்துபோனால் பெரும்பாலான கருவிகளில் அதுவரை பதிந்தது அழியாது. ஆனாலும் கூடத்தில் கேட்காமல் வீட்டிலேயே பேட்டரியை மாற்ற வேண்டாம், ஏனெனில் சில கருவிகள் மீண்டும் உயிர்பெறும்போது புதிய சோதனையாகத் தொடங்கிவிடும். நுட்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய பேட்டரி போடுங்கள். பாதி தீர்ந்த பேட்டரியை இன்னொரு நாளைக்கு ஓட்டிப் பார்ப்பதில் மிச்சமாகும் பணம், ஒருவரை மறுபடியும் மூக்கில் குழாய் போட அழைக்கும் சங்கடத்துக்கு ஈடாகாது.

எண் 7-ஐ ஒட்டியே அசையாமல் நிற்கிறது

இந்த அழைப்பு வந்தால் நான் முதலில் கேட்பது மாத்திரையைப் பற்றித்தான். பான்டோபிரசோல், ரபிபிரசோல், எசோமிபிரசோல் போன்ற அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளைச் சோதனைக்கு 7 நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ஃபாமோட்டிடின் வகையை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பும், ஜெல் மருந்துகளை முந்தைய நாளிலிருந்தும் தவிர்க்கச் சொல்வோம். பலரும் நிறுத்திவிட்டேன் என்று மனதார நம்பியே சொல்வார்கள். ஆனால் மூட்டுவலிக்காக இன்னொரு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் வலி மாத்திரைக்குத் துணையாக அதே பான்டோபிரசோல், டோம்பெரிடோனோடு சேர்த்து வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகையால் மாத்திரையின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், வீட்டில் இருக்கும் அட்டைகள் அனைத்தையும் எடுத்துப் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கச் சொல்லவும். இரைப்பையிலும் ஒரு முனை உள்ள இரட்டை உணர்முனைக் குழாய் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை: இரைப்பையில் இருக்கும் முனையும் வெகுநேரம் 4-க்கு மேலே நின்றால், அங்கே அமிலமே போதிய அளவு சுரக்கவில்லை என்று பொருள். ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். எதுக்களிப்பு நோய் ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு, மாத்திரை போதுமான அளவு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, மாத்திரை சாப்பிடும்போதே இந்தச் சோதனையைச் செய்வதும் உண்டு. அப்படியானால் மருத்துவர் அதைச் சீட்டிலேயே எழுதியிருப்பார். தாமாக மாத்திரையை நிறுத்துவதோ தொடர்வதோ கூடாது.

மாத்திரையில் குறையில்லை என்றால் குழாயைப் பார்க்க வேண்டும். இருமலிலோ வாந்தியிலோ குழாய் மேலே ஏறி வந்திருந்தால், முனை உமிழ்நீரில் மட்டும் குளித்துக்கொண்டு 7-ஐ ஒட்டியே காட்டும். மூக்குத் துவாரத்தின் விளிம்பில் தெரியும் செ.மீ. எண், மாட்டும்போது எழுதிக் கொடுத்த எண்ணைவிடக் குறைந்திருந்தால் இதுதான் காரணம். வீட்டில் யாரும் அதை உள்ளே தள்ளக் கூடாது. வாயில் சுருண்டு வந்திருப்பது தெரிந்தால், கூடத்துக்குத் தெரிவித்துவிட்டு மெதுவாக முழுவதும் வெளியே இழுத்துவிடலாம்.

இரண்டும் சரியாக இருக்குமானால், உண்மையிலேயே எதுக்களிப்பு இல்லாத நேரமாக இருக்கலாம். முனை உயிரோடு இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு: நோயாளியை அனுப்புவதற்கு முன் கூடத்திலேயே ஒரு வாய் எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொன்னால், கோடு சட்டென்று 4-க்குக் கீழே விழுந்து எழ வேண்டும். கேப்ஸ்யூலுக்கும் இது பொருந்தும். வீட்டில் இதைச் செய்து பார்ப்பதானால் கூடத்தில் கேட்டுக்கொண்டு, சாப்பிடும் நேரத்தைக் குறிக்கும் உணவுப் பொத்தானை அழுத்திய பின்னரே செய்யவும்.

எண் மணிக்கணக்கில் 4-க்குக் கீழேயே கிடக்கிறது

உணவுக்குழாயில் எதுக்களிப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும், விழித்திருப்பவர் விழுங்கிக்கொண்டே இருக்கும்வரை கோடு இடையிடையே எழுந்தே தீரும். பகலில் இரண்டு மணி நேரமாக எண் 1-க்கும் 2-க்கும் நடுவில் அசையாமல் இருந்தால், முனை இரைப்பைக்குள் இறங்கிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒருமுறை இரவு பத்தரை மணிக்கு ஓர் அம்மாள் அழைத்தார். "தம்பி, சாப்பிட்டதுல இருந்து எண் ஏறவே மாட்டேங்குது. எனக்கு நெஞ்சு ஒண்ணும் கரிக்கலையே" என்றார். மகளை அழைத்து, செல்பேசி விளக்கை அடித்து மூக்கின் ஓரத்தில் தெரியும் எண்ணைப் படிக்கச் சொன்னேன். காலையில் நான் எழுதிக் கொடுத்தது 38. அவர் படித்தது 46. உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் அழுத்தமானியில் அவருடைய சுருக்குத்தசையின் மேல்விளிம்பு 43 செ.மீ. என்று பதிவாகியிருந்தது, அதிலிருந்து 5 செ.மீ. கழித்துத்தான் 38-இல் வைத்திருந்தோம். எட்டு செ.மீ. உள்ளே போனதென்றால், முனை அந்த விளிம்பையும் தாண்டி 3 செ.மீ. கீழே, இரைப்பையின் வாயிலில் நிற்கிறது. வியர்வையில் பிளாஸ்திரி தளர, விழுங்கும் ஒவ்வொரு கவளமும் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. "அம்மா, பயப்படாதீங்க, 38 தெரியற வரைக்கும் மெதுவா வெளிய இழுத்து, மூக்குலயும் கன்னத்துலயும் ரெண்டு இடத்துல ஒட்டச் சொல்லுங்க" என்றேன். இழுத்த சில நிமிடங்களில் எண் 6-க்கு வந்தது. நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லியிருந்ததால், சாப்பாட்டிலிருந்து அதுவரையிலான பகுதியைக் கணக்கிலிருந்து நீக்கி, எஞ்சியதைப் பயன்படுத்த முடிந்தது. வீட்டில் குழாயை நகர்த்துவதற்கு இடம் கொடுப்பது இந்த ஒரு சூழ்நிலையில் மட்டுமே: கூடத்திலிருந்து சொன்ன பிறகு, வெளிப்புறமாக மட்டும்.

கேப்ஸ்யூலில் இதே அறிகுறிக்குப் பொருள் வேறு. அது சுவரிலிருந்து முன்கூட்டியே கழன்று விழுந்திருக்கும். கோடு திடீரென்று விழுந்து, இரைப்பையில் இருக்கும்வரை அடியிலேயே கிடந்து, பிறகு சிறுகுடலுக்குள் போனதும் ஒரே தாவலில் 6-க்கு மேல் ஏறி, அதன்பின் அங்கேயே நிற்கும். விழுந்து, கிடந்து, தாவி, நின்றுபோன இந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. மென்பொருள் மட்டும் இதை அறியாது. இரைப்பையில் கிடந்த அத்தனை நேரத்தையும் எதுக்களிப்பு என்று கூட்டிவிடும். ஆகையால் கழன்ற கணத்திலிருந்து பதிவைக் கையால் வெட்டுவது நுட்பரின் பொறுப்பு. கழன்ற கேப்ஸ்யூல் மலத்தோடு தானாக வெளியேறிவிடும். நோயாளி அதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

விழுவதும் தெரியாமல் எழுவதும் தெரியாமல், பல மணி நேரமாகச் சாய்தளம் போல மெல்ல 4-க்குக் கீழே சரியும் கோடும் ஒன்று உண்டு. இது அமிலம் மேலேறியதால் வருவதன்று. சுருக்குத்தசை திறக்காத அக்கலேசியா நோயில், உணவுக்குழாயிலேயே தேங்கிய சோறு நொதித்துப் புளிப்பதால் வருவது. கருவி சரியாகத்தான் அளக்கிறது. பெயர்தான் தவறாகப் போகும். சாய்தளக் கோட்டை எதுக்களிப்பாக எண்ணி அறுவை சிகிச்சை வரை கொண்டுபோனால் விளைவு விபரீதமாகும் என்பதால், இப்படிப்பட்ட பதிவைக் கண்டால் அழுத்தமானி அறிக்கையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் பேசுவேன்.

எண் தாறுமாறாகத் துள்ளுகிறது

இடைப்பட்ட எண்களே இல்லாமல் 7-இலிருந்து 0-க்கும், அங்கிருந்து 9-க்கும் தாவினால் அது வேதியியலன்று, மின்தொடர்பு. ஆண்டிமனி முனையுள்ள சில குழாய்களுக்கு மார்பில் ஒட்டும் ஒப்பீட்டு மின்வாய் தனியாக உண்டு. வியர்வையிலோ முடியிலோ அது தூக்கிக்கொண்டால் கோடு இப்படித்தான் ஆடும். ஒட்டியதன் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்து எண் அமைதியானால் காரணம் அதுவே. மேலே ஒரு பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடலாம். ஒப்பீட்டு மின்வாய் குழாய்க்குள்ளேயே இருக்கும் வகையில், முனை வறண்டிருப்பதும் இணைப்பில் ஈரம் ஏறியிருப்பதும் காரணமாகலாம். இவற்றை வீட்டில் சரிசெய்ய இயலாது.

துள்ளாமல், பதிவு முழுவதுமே ஒரே அளவு மேலேயோ கீழேயோ நகர்ந்து இருப்பதாகத் தோன்றினால், பிழை அளவுத்திருத்தத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர் சொல்லும், பிஎச் மாறாமல் நிற்கும் இரண்டு தாங்கல் கரைசல்களில், சிலவற்றுக்கு 4-ம் 7-ம், சிலவற்றுக்கு 1-ம் 7-ம், முனையை நனைத்துத் திருத்தும்போது, இடையில் காய்ச்சி வடித்த நீரில் கழுவாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் கரைசலே கெட்டுப்போகும். நேற்று திறந்து மூடாமல் வைத்த புட்டியும் அப்படியே. கழற்றிய பிறகும் அதே கரைசல்களில் முனையை நனைத்துப் பார்ப்பது என் பழக்கம். அரை அலகுக்கு மேல் விலகியிருந்தால் அந்தப் பதிவின் 4 என்ற எல்லைக்கோடே நம்பத்தக்கதாக இல்லை.

மின்மறுப்பு உள்ள குழாயில் ஒரு வளையத்தின் கோடு மட்டும் தட்டையாக இருந்தால் அந்த வளையமோ அதன் கம்பியோ போயிற்று. மற்றவற்றைக் கொண்டு படித்துவிடலாம். எல்லா வளையங்களிலும் அடிப்படை அளவு தாழ்ந்து கிடந்தால் குழாயைக் குறை சொல்ல வேண்டாம். நெடுநாள் அமிலத்தால் உட்படலம் நலிந்தவர்களிடம் அளவு அப்படித்தான் இருக்கும். இரவுநேரச் சராசரி 1500 ஓம்ஸுக்குக் கீழே இருப்பது நோய்க்கே ஒரு துணைச் சான்று.

சாப்பிடும்போதெல்லாம் கோடு விழுகிறது

முனைக்கு, மேலிருந்து இறங்கும் புளிப்புக்கும் கீழிருந்து ஏறும் புளிப்புக்கும் வேறுபாடு தெரியாது. புளி ரசம், எலுமிச்சைச் சாதம், தக்காளித் தொக்கு, கோலா பானம் இவை எதுவும் உணவுக்குழாய் வழியாக இறங்கும்போது கோட்டை 4-க்குக் கீழே இழுக்கும். அதற்காகத்தான் உணவுப் பொத்தான்: சாப்பிட உட்கார்ந்ததும் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை. அந்த இடைவெளியை மென்பொருள் கணக்கிலிருந்து நீக்கிவிடும்.

பொத்தானை மறந்தால் எவ்வளவு தவறும் என்று ஒரு கணக்கு. ஒரு நாள் 1440 நிமிடம். மூன்று வேளைச் சாப்பாட்டிலும் புளிப்பால் மட்டும் கோடு மொத்தம் 20 நிமிடம் கீழே இருந்ததென்றால், அது 1.4 சதவீதம். உண்மையில் 3.9 சதவீதமாக இருந்திருக்க வேண்டிய அமிலத் தொடர்பு நேரம், அதாவது பிஎச் 4-க்குக் கீழே இருந்த நேரத்தின் பங்கு, 5.3 சதவீதமாகிவிடும், இயல்பானது என்று எழுதியிருக்க வேண்டிய அறிக்கை ஐயத்துக்குரியது என்று மாறிவிடும்.

இதை விடப் பெரிய தொல்லை, பொத்தான் அழுத்த முடியாதபடி நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவது. மேசையில் ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாறு வைத்துக்கொண்டு மணிக்கு நான்கு வாய் குடிப்பவரின் பதிவு, எதுக்களிப்புள்ளவரின் பதிவிலிருந்து பிரித்தறிய இயலாதபடி இருக்கும். இடையில் வேண்டுமானால் வெறும் தண்ணீர் போதும். சூயிங்கமும் புளிப்பு மிட்டாயும் அன்று வேண்டாம்; அவை உமிழ்நீரைப் பெருக்கி அமிலத்தைக் கழுவிவிடும். அதே சமயம், பயந்துகொண்டு கஞ்சியோடு நாளைக் கழிப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கருவியைச் சுமந்ததற்கே பயனில்லை. எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களுக்கு நெஞ்சு கரிக்குமோ அதையே சாப்பிடுங்கள், பொத்தானை மட்டும் மறவாதீர்கள் என்றுதான் நான் சொல்லி அனுப்புவேன்.

அறிகுறிப் பொத்தானும் கடிகாரமும்

நெஞ்சு கரித்த கணத்தையும் கோடு விழுந்த கணத்தையும் இணைத்துப் பார்ப்பதற்கு 2 நிமிட எல்லை வைத்திருக்கிறார்கள்: அறிகுறிக்கு முந்தைய 2 நிமிடங்களுக்குள் எதுக்களிப்பு இருந்தால்தான் இரண்டுக்கும் தொடர்பு. பத்து முறை கரித்து, அதில் ஆறு முறை அந்த எல்லைக்குள் எதுக்களிப்பு இருந்தால் அறிகுறிக் குறியீடு 60 சதவீதம். 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொருட்படுத்தத்தக்கது. தற்செயலாகப் பொருந்தியதா என்பதைப் புள்ளியியல் முறையில் பார்க்கும் மற்றொரு அளவு 95 சதவீதத்தைத் தாண்ட வேண்டும்.

இவ்வளவு குறுகிய எல்லை என்பதால், கைக்கடிகாரம் கருவியின் கடிகாரத்திலிருந்து 7 நிமிடம் விலகியிருந்தாலே குறிப்பேட்டில் எழுதிய அத்தனையும் எங்கோ போய் விழும். எப்போதும் கருவியின் திரையில் தெரியும் நேரத்தையே எழுதவும். கரித்தவுடன் பொத்தானை அழுத்தவும். காப்பி ஆற்றிக் குடித்துவிட்டு வந்து அழுத்துவதில் பயனில்லை. ஒரு பொத்தானை நெஞ்சுக்கரிப்புக்கும் மற்றொன்றை இருமலுக்கும் ஒதுக்கியிருந்தால் இடையில் மாற்ற வேண்டாம். மறந்துவிட்டால் மதிப்பாக ஒரு நேரத்தைக் கற்பித்து எழுதாமல், மறந்ததாகவே எழுதவும்.

படுக்கைப் பொத்தானும் இதே போலத்தான். இரவுத் தூக்கத்துக்கு மட்டுமன்று, மதியம் சற்றுச் சாய்ந்தாலும் அழுத்த வேண்டும். எழுந்ததும் மறுபடி அழுத்த வேண்டும்.

இதில் என் பங்குக்கு ஒரு தவறு. முன்னொரு முறை கருவியில் முற்பகலைப் பிற்பகல் என்று வைத்துவிட்டேன். மறுநாள் பதிவைத் திறந்தால், நோயாளி அதிகாலை ஒரு மணிக்கு முழுச் சாப்பாடு சாப்பிட்டு, நண்பகலில் எட்டு மணி நேரம் படுத்திருந்ததாகத் தெரிகிறது. கோட்டில் குறையில்லை, குறிப்பேட்டிலும் குறையில்லை. இரண்டும் வெவ்வேறு நாளைச் சொல்லிக்கொண்டிருந்தன. 12 மணி நேரத்தை நகர்த்தியதும் எல்லாம் பொருந்திவிட்டன. அன்றிலிருந்து கருவியை நோயாளியின் கையில் கொடுக்கும்போது, நேரத்தை அவரையே உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.

மூக்கு, தொண்டை, நெஞ்சு

குழாய் போட்ட முதல் சில மணி நேரம் தொண்டை உறுத்துவதும் மூக்கில் நீர் ஒழுகுவதும் இயல்பு. கேப்ஸ்யூல் போட்டவர்களுக்குக் கவளம் இறங்கும்போது நெஞ்சின் நடுவில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கலாம். உணவை நன்றாக மென்று, சிறு கவளமாக விழுங்கினால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். சிலருக்கு வலி தாங்க முடியாமல் எண்டோஸ்கோபி செய்து கேப்ஸ்யூலை எடுக்க நேர்வதும் உண்டு. ஆகவே பொறுத்துக்கொண்டு இருக்காமல் தெரிவிக்கவும்.

நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் வந்தாலும் கருவியை மறந்துவிட்டு இதய நோய்க்கான அவசர சிகிச்சைக்குப் போகவும். இரத்த வாந்தி, கறுப்பு நிற மலம், எதையும் விழுங்க முடியாமை ஆகியவற்றுக்கும் அப்படியே.

பதிவு நன்றாக இருக்கிறது, முடிவு பொருந்தவில்லை

கருவியில் பழுதில்லை, பொத்தானில் தவறில்லை, ஆனாலும் தினமும் கரிக்கிறது என்று வந்தவரின் அறிக்கை இயல்பானது என்கிறது. இந்த நிலைக்குப் பல விடைகள் இருக்கின்றன. 1974-இல் ஜான்சனும் டிமீஸ்டரும் வகுத்த மதிப்பெண்ணில் 14.72 என்பது எல்லை. அறிக்கைகளில் அது இன்றும் அச்சாகிறது. இப்போது மருத்துவர்கள் முதலில் பார்ப்பது பிஎச் 4-க்குக் கீழே இருந்த மொத்த நேரத்தின் சதவீதத்தை. எதுக்களிப்பு நோயைக் கண்டறிவது பற்றி வல்லுநர்கள் கூடி வகுத்து, 2018-இல் வெளிவந்த லியோன் கருத்தொற்றுமைப்படி 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நோய் உறுதி, 4-க்குக் கீழே இருந்தால் இயல்பு, இடைப்பட்டது ஐயத்துக்குரியது. அதன் திருத்திய வடிவம் வந்த பிறகும் இந்த எல்லைகள் நீடிக்கின்றன. நிமிடத்தில் சொன்னால் 6 சதவீதம் என்பது ஒரு நாளில் ஏறக்குறைய 86 நிமிடம்.

ஒரே மனிதருக்கு நேற்று 3 சதவீதமும் இன்று 7 சதவீதமும் வருவது வியப்பன்று. அதனால்தான் ஒரு நாள் பதிவு இயல்பாக இருந்தும் ஐயம் தீராதவர்களுக்கு 96 மணி நேரக் கேப்ஸ்யூலைப் பரிந்துரைக்கிறார்கள். அமிலமில்லாத எதுக்களிப்பைப் பிஎச் முனை மட்டும் காட்டாது. அதற்கு மின்மறுப்புக் குழாய் வேண்டும். அமில நேரம் இயல்பாக இருந்தும் ஒவ்வொரு சிறு எதுக்களிப்புக்கும் சரியாக நெஞ்சு கரிக்கிறதென்றால், அளவில் மிகுதியில்லை, உணர்வில் மிகுதி. அதற்கான மருத்துவமே வேறு. எதுக்களிப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத நெஞ்சுக்கரிப்பும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது அறிகுறிப் பொத்தான் ஒன்றுதான் என்பதால், இயல்பான அறிக்கையைக் கண்டு பணம் வீண் என்று வருந்துபவர்களிடம் குறிப்பேட்டை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுமாறு வற்புறுத்துகிறேன்.

கழற்றிய பிறகு

குழாய் வெளியே வந்ததும் நிறுத்திய மாத்திரைகளை எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். கேப்ஸ்யூல் போட்டவர்கள், போட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, ஏனெனில் அதனுள் சிறு காந்தம் இருக்கிறது. கேப்ஸ்யூல் எப்போது வெளியேறியது என்று பலருக்கும் தெரியாது. எனவே அந்தத் தேதியை ஒரு சீட்டில் எழுதி மணிபர்சில் வைத்துக்கொள்ளச் சொல்லி, வீட்டில் இன்னொருவருக்கும் அதைத் தெரிவித்து அனுப்புகிறேன். விபத்தில் மயங்கிக் கிடக்கும்போது சொல்வதற்கு ஆள் வேண்டுமல்லவா.